மார்ச்சுக்கு ஆள் குறையக்கூடாது

கோட்டயம்
2-8-1954

கர்த்தருக்குள் பிரியமான லீலா அக்காளுக்கு,

சுகம். இங்கே மழை விட்டபாடில்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது. பிள்ளைகளைச் சுவரோரம் ஒதுக்கி உட்கார வைத்து இங்கிலீஷ் நடத்துகிறேன். தமிழன் என்பதால் எனக்கு இங்கே ‘பாண்டி சார்’ என்று பெயர். முதலில் கோபம் வந்தது. இப்போது அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

கல்யாணம் 26ஆம் தேதிதான், மாற்றமில்லை. பிரேமகுமாரியின் அப்பா திருவனந்தபுரத்திலிருந்து பாண்டு செட் கொண்டுவருகிறேன் என்றார். “எனக்க அத்தான் ஊதினாப் போதும்” என்று நான் சொன்னேன். அவருடைய தம்பி சிரித்தார். நாட்டுப்புறத்துப் பாண்டு கல்யாண மார்ச் வாசிக்குமா என்று கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்து அறுக்கிறது. பெண் ஆலயத்துக்குள் கால் வைக்கும்போது அத்தானின் கார்னெட் சத்தம் எழுந்து நிற்க வேண்டும்.

11ஆம் தேதி லீவு போட்டு வருகிறேன். அன்றைக்கே ஆலய முற்றத்தில் எல்லோரையும் கூட்டி வாசித்துப் பார்க்கச் சொல். அத்தானுக்குத் தனியாக ஒரு துண்டு எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருக்கிறேன் என்று சிரிப்பார்.

உன் தம்பி,
சுந்தரதாஸ்

(உள்ளே இருந்த துண்டு)

பாண்டு மாஸ்டர் எலியா அவர்களுக்கு,
11ஆம் தேதி புதன், மார்ச்சுக்கு ஆள் குறையக்கூடாது. பன்னிரண்டு பேரும் வேண்டும். டிரம் கட்டாயம். திருவனந்தபுரத்துக்காரர்களுக்குக் காது அடைக்க வேண்டும். பின்வாங்கினால் நம் மானம் போகும்.
எஸ்.


பாறசாலை
15-8-1954

அன்புள்ள தம்பிக்கு,

உனக்காக மரச்சீனிக் கிழங்கும் மீனும் ஆக்கி வைத்திருந்தேன். நீ வரவில்லை. வராததும் நல்லதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

புதன்கிழமை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போன ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்த சேதி உனக்கும் வந்திருக்கும். எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அத்தான் கார்னெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “இன்னைக்கு வாசிப்பு வேண்டாம்” என்றேன். “பய லீவு போட்டு அம்புட்டுத் தூரத்திலேருந்து வாறான். வந்து நிக்கும்போ ஆளில்லேன்னா சங்கடப்படுவான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முற்றத்தில் ஒன்பது பேர் கூடியிருந்தார்கள். ராஜையா டிரம்மில் இரண்டு தட்டு தட்டியிருப்பான். ரோட்டில் போன போலீஸ் வண்டி சத்தம் கேட்டு நின்றது. ஊர்வலம் புறப்படுகிறது என்று நினைத்துவிட்டார்கள். ராஜையா டிரம்மைத் தூக்கிக்கொண்டு மரச்சீனி விளைக்குள் பாய்ந்தான். மற்றவர்களும் ஓடினார்கள். அத்தான் ஓடவில்லை. தப்பு செய்யாதவன் எதற்கு ஓட வேண்டும் என்று நின்றாராம். கார்னெட் பெட்டியைத் திறந்தவர்கள் நீ எழுதிய துண்டை எடுத்தார்கள்.

“யார் எழுதினது, யாரு இந்த எஸ்?” என்று கேட்டே கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போகாத மனுஷன் என்று உனக்குத் தெரியும். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் பேசியபோது, “எங்க சேர்ந்தாலும் கல்யாணம் நடக்கும், நம்ம ஊதித்தான் திங்கணும்” என்றவர். நான்கு நாளாகப் பார்க்க விடவில்லை.

நீ வந்து அந்தத் துண்டு எதற்கு எழுதியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடனே புறப்பட்டு வா.

அக்கா


கோட்டயம்
21-8-1954

பிரியமான அக்காளுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

11ஆம் தேதி நான் புறப்பட்டேன். நெய்யாற்றின்கரையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஸ்டாண்டு முழுக்கப் போலீஸ். தெற்கே போகிறவன் யாராக இருந்தாலும் பிடிக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நீ கோபப்படாமல் வாசிக்க வேண்டும். கிளர்ச்சியோடு எந்தத் தொடர்பு இருந்தாலும் சர்க்கார் வாத்தியார்களை விட்டுவைக்க மாட்டார்கள் என்று பேச்சு. ஹெட்மாஸ்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, “நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் அல்லவா” என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வேலை உறுதியாகவில்லை, இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

பிரேமகுமாரியின் அப்பா கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார். ‘ஜெயிலில் கிடக்கிற உறவு’ என்று எழுதியிருக்கிறார்.

ஆத்திரத்தில் பிடித்தவர்களை ஆத்திரம் தணிந்தால் விட்டுவிடுவார்கள். அதுவரை என் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம். அத்தானுக்கு இது புரியும்.

சுந்தரதாஸ்


பாறசாலை
9-9-1954

தம்பிக்கு,

அத்தானுக்குப் புரிந்துதான் இருக்கிறது. நீ எழுதுவதற்கு முன்பே புரிந்திருக்கிறது.

ஒரு வழியாகப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் புறம் தோளில் கிடந்த துவர்த்தை வாயில் பொத்திக்கொண்டு வந்து நின்றார். காய்ச்சலா என்று கேட்டேன். தலையாட்டினார். துவர்த்தை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. நான் கையை நீட்டி இழுத்தேன். மேல்வரிசை முன்பல் நான்கும் இல்லை. உதடு கிழிந்து ஒட்டியிருந்தது.

மூன்று நாள் ‘எஸ்’ யார் என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று நாளும் சொல்லவில்லை.

“நீ ஆர்ட்டயும் சொல்லாண்டாம் லீலா. அவனுக்க வேல போவும். எனக்குப் பல்லுதானே போச்சு” என்றார். பேசும்போது காற்றாக வந்தது.

கார்னெட் ஊதுகிறவனுக்குப் பல் போனால் என்ன போகும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். மேல்பல்லில் உதட்டை அழுத்தித்தான் ஊத வேண்டும் என்று சின்ன வயதில் உன் வாயில் குழலை வைத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

அவர் பேச்சை நான் கேட்கவில்லை. வீட்டுக்குக்கூட வராமல் நேராகப் பொன்னப்பன் வக்கீலிடம் போய், துண்டு எழுதியது என் தம்பி, அவன் கல்யாணத்துக்கு எழுதியது என்று சொல்லிவிட்டேன். வக்கீலுக்கு முகம் தெளிந்தது. “அப்போ தீர்ந்நு கேஸ். அவன் சம்மதிச்சாப் போதும்” என்றார். போலீஸ் உன்னிடம் வந்து கேட்கும். ஆமாம் என்று சொல். கல்யாணத்துக்குப் பாண்டு கூப்பிட்டவனைத் தூக்கிலா போடுவார்கள்? போன மாதம் நான் உனக்கு எழுதிய கடிதத்தையும் காட்டு, அதில் எல்லாம் இருக்கிறது.

உன் வேலைக்கு ஆபத்து வந்தால் நாங்கள் இருக்கிறோம். இங்கே வந்து இரு. உன்னை வளர்த்த வீடுதானே.

அக்கா


கோட்டயம்
27-9-1954

அக்காளுக்கு,

நீ என்னைக் கேட்காமல் என் பெயரைச் சொன்னது சரியல்ல. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று முன்தினம் இரண்டு போலீஸ்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். ஹெட்மாஸ்டர் அறையில், அவர் எதிரிலேயே விசாரணை. வராந்தாவில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “பதினொன்றாம் தேதி நடந்த மார்ச் சம்பந்தமாக நீங்கள் ஏதாவது எழுதியதுண்டா?” என்று கேட்டார்கள். நான் இல்லை என்றேன். அதை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

நீ அவசரப்பட்டுப் பொய் என்று சொல்லாதே. அவர்கள் கேட்டது எந்த மார்ச்? ஊர்வலம். ஆட்கள் கொடி பிடித்து நடக்கிற மார்ச். அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. நான் எழுதியது வாத்தியத்தில் வாசிக்கிற மார்ச். சொல் ஒன்றுதான், பொருள் வேறு. பட்டாளக்காரன் நடப்பதும் மார்ச், நாட்காட்டியில் ஒரு மாதமும் மார்ச். கேட்டவன் எந்தப் பொருளில் கேட்டானோ அந்தப் பொருளுக்குத்தான் பதில் சொல்ல முடியும். நான் இங்கிலீஷ் வாத்தியார், எனக்குத் தெரியும்.

துண்டை எடுத்து முகத்துக்கு நேராகக் காட்டினார்கள். உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். தூரத்தில் பிடித்திருந்தார்கள். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றேன். ஹெட்மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா.

உன் கடிதம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. வக்கீல் கெட்டிக்காரர் என்று கேள்வி. வேறு வழி கண்டுபிடிப்பார்.

சுந்தரதாஸ்


பாறசாலை
22-10-1954

சுந்தரதாசுக்கு,

கோர்ட்டில் நடந்ததை எழுதுகிறேன். நீ வாத்தியார் அல்லவா, தெரிந்துகொள்.

உன் துண்டைச் சர்க்கார் வக்கீல் ஒருத்தன் உரக்க வாசித்தான். “ஆள் குறையக்கூடாது” என்று வாசித்துவிட்டு நிறுத்தினான். “திருவனந்தபுரத்துக்காரர்களுக்குக் காது அடைக்க வேண்டும்” என்று வாசித்துவிட்டு ஜட்ஜியைப் பார்த்தான். “பின்வாங்கினால் மானம் போகும். கல்யாண வீட்டில் யாராவது பின்வாங்குவார்களா எஜமான்?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜிக்கும் சிரிப்பு வந்தது.

பொன்னப்பன் வக்கீல் எழுந்து இது கல்யாண மார்ச் என்றார். “யாருடைய கல்யாணம்?” என்று கேட்டார் ஜட்ஜி. உன் பெயரைச் சொன்னார். உடனே நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை எடுத்து நீட்டினார்கள். “இப்படி ஒரு மார்ச் பற்றி நான் எழுதியதில்லை, இது என் எழுத்தா என்று தெரியவில்லை” என்று அதில் இருந்தது. உன் பெயர் கீழே எழுதியிருந்தது. அழகான எழுத்து. துண்டில் இருக்கிற அதே எழுத்து. யாரும் ஒத்துப் பார்க்கவில்லை.

அத்தான் கூண்டில் நின்று அதைக் கேட்டார். வக்கீலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று ஆயிற்று, அவர் அடிபட்டுக் காப்பாற்றியது வீண் என்று ஆயிற்று. ஒன்பது மாதம் போட்டார்கள்.

வெளியே வந்து வண்டியில் ஏற்றும்போது, “நீ ஏன் பிள்ள சொன்ன? சொல்லாம இருந்தா அவன் இல்லேன்னு சொல்ல வேண்டி வந்திருக்காதே” என்றார். அவருக்கு அதுதான் சங்கடம். நீ இல்லை என்று சொன்னது அல்ல, உன்னை அப்படிச் சொல்ல வைத்ததாக்கும்.

அப்பா செத்தபோது உனக்கு ஆறு வயது. எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். உன்னையும் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வருவேன் என்று நான் சொன்னபோது, அதற்கு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்தப் பொருளில் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

லீலா


கோட்டயம்
10-1-1955

அக்காளுக்கு,

நீ திருப்பி அனுப்பிய பார்சல் வந்தது. பாலராமபுரம் புடவை, நானே கடையில் நின்று எடுத்தது. பிரிக்காமலே அனுப்பியிருக்கிறாய்.

கல்யாணம் டிசம்பர் 29ஆம் தேதி திருவனந்தபுரத்தில் நடந்தது. உனக்கு அழைப்பு வந்ததா என்று தெரியவில்லை. உன் இடத்தில் யாரும் நிற்கவில்லை. ஆலயத்தில் பாதிரி ஐயர் “பையன் பக்கத்தார்” என்று கூப்பிட்டபோது என்னோடு வேலை பார்க்கிற கிருஷ்ணன்குட்டி வந்து நின்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ எழுது. வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தால் அத்தானோடு நானும் உள்ளே கிடந்திருப்பேன். அதனால் உனக்கு என்ன லாபம்?

சுந்தரதாஸ்


பாறசாலை
30-3-1955

சுந்தரதாசுக்கு,

இந்த மாதம் நடுவில் அவரை விட்டுவிட்டார்கள். மந்திரிசபை மாறியதும் கேசுகளையும் விட்டுவிட்டார்களாம். உனக்குச் சொல்ல வேண்டியது இல்லை, இருந்தாலும் அவர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். சுகமாக இருக்கிறார் என்று எழுதச் சொன்னார். சுகமாக இல்லை.

வந்த மறுநாள் கார்னெட்டை எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் அடுக்களையில் நின்று கேட்டேன். காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு பிசிறு. பிறகு ஒன்றுமில்லை. கதவைத் திறந்து வந்து, “ராஜையாக்க மவனுக்குக் குடுத்துரலாம். சும்மா இருந்தா பித்தள கறுத்துப் போவும்” என்றார். அன்றைக்கே கொடுத்துவிட்டார். இப்போது திருப்புறத்தில் ஒரு செங்கல் சூளையில் மண் சுமக்கப் போகிறார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுது என்றாய். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

லீலா


கோட்டயம்
11-11-1956

என் அன்பான அக்காளுக்கு,

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் வாசி. உனக்கு ஒரு மருமகள் பிறந்திருக்கிறாள். உன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

முதல் தேதி எல்லை பிரித்துவிட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம், நம் பாறசாலை கேரளப் பக்கம். செய்தி வாசித்தபோது உன்னையும் அத்தானையும்தான் நினைத்தேன். மார்ச் என்ற சொல்லுக்குப் பழைய இங்கிலீஷில் இன்னொரு பொருள் உண்டு: இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவிலுள்ள எல்லைப்புறம். நாம் எல்லோரும் அந்தப் பொருளுக்குள்தான் கிடக்கிறோம் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இங்கே இனி எதிர்காலம் இல்லை. ஹெட்மாஸ்டர் ஆகிறவர்கள் எல்லாம் மலையாளம் படித்தவர்கள். களியக்காவிளைக்கு அப்பால் புதிதாக ஒரு தமிழ் ஹைஸ்கூல் தொடங்குகிறார்கள். கமிட்டியில் எல்லோரும் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்கள். ஹெட்மாஸ்டர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். போராட்டத்தில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டிருந்தார்கள். அந்தத் துண்டு நான் எழுதியது என்று எழுதினேன். 11ஆம் தேதி மார்ச்சுக்கு ஆள் சேர்க்க எழுதினேன் என்றேன். அதற்காகத்தான் என் அத்தான் சிறை போனார் என்றும் எழுதியிருக்கிறேன். கோர்ட்டே அப்படித்தானே தீர்ப்புச் சொன்னது? நான் புதிதாக ஒன்றும் கட்டவில்லை.

அவர்கள் அத்தானிடம் வந்து விசாரிப்பார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தானுக்கும் அது பெருமைதான். தியாகி என்று மாலை போடுவார்கள். கல்யாணத்துக்கு ஊதப்போய் அடிபட்டான் என்பதைவிட அது மேல் அல்லவா?

ஒரு வார்த்தைதான் அக்கா.

உன் தம்பி,
சுந்தரதாஸ்


பாறசாலை
2-12-1956

சுந்தரதாசுக்கு,

அவர்கள் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்தார்கள். மூன்று பேர். கதர்ச் சட்டை. சுயம்பு என்று ஒருவர் பேசினார்.

அதற்கு முந்தின ராத்திரி உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், நான் உனக்காகத்தான் பேசினேன். பிள்ளைக்கு என் பெயரை வைத்திருக்கிறான், பக்கத்தில் வந்துவிட்டால் பார்த்துக்கொள்ளலாம், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் விளக்கை அணைக்கச் சொன்னார்.

சுயம்பு முதலில் கேட்டது உன்னைப் பற்றி அல்ல. அடுத்த மாதம் மார்த்தாண்டத்தில் வெற்றி ஊர்வலமாம். “எலியா அண்ணன் பாண்டோட முன்னால வரணும், நீங்க ஊதினா ஒரு மதிப்பாக்கும்” என்றார். அவர் வாயைத் திறந்து காட்டினார். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

எல்லை பிரித்த அன்று அந்தப் பக்கம் வெடி போட்டார்கள். எங்கள் முற்றம்வரை கேட்டது. ஜெயிலுக்குப் போனவர் ஊர் கேரளத்தில். பிள்ளைகளுக்குத் தமிழ் கிளாஸ் இருக்குமா என்று தெரியவில்லை. அதைச் சுயம்புவிடம் கேட்டேன். “அடுத்த கட்டத்துல பாத்துக்கிடலாம் அக்கா” என்றார். எந்தக் கட்டம் என்று சொல்லவில்லை.

பிறகு உன் விண்ணப்பத்தை எடுத்தார். “இந்தத் துண்டு சுந்தரதாஸ் எழுதினதுதானா?”

“அவன் எழுதினதுதான்” என்றார் அத்தான்.

எனக்கு மூச்சு வந்தது. சுயம்பு குறித்துக்கொண்டார்.

“போராட்டத்துக்கு ஆள் சேக்க எழுதினது. அப்படித்தானே?”

“இல்ல. அவனுக்க கல்யாணத்துக்கு எழுதினதாக்கும். பொண்ணு கோயிலுக்குள்ள வரும்போ வாசிக்கணும்னு. போராட்டத்துக்கும் அவனுக்கும் ஒரு பந்தமும் இல்ல. எனக்கும் இல்ல. இத வக்கீல் அன்னைக்கே கோர்ட்டுல சொன்னாரு. ஆரும் நம்பல்ல. அவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்த பேப்பரும் அங்க உண்டு, போய்ப் பாருங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. சந்தைக்கு வழி கேட்டவனுக்குச் சொல்வது போலச் சொன்னார். சுயம்பு குறித்ததை அடித்தார். தியாகி என்ற பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அதையும் அடிக்கட்டுமா என்று கேட்டார். “அடிச்சிருங்க” என்றார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன், ஒரு ஆமாம் சொல்லக்கூடாதா என்று. “அன்னைக்கு அவன் சொல்ல வேண்டியதத்தான் நான் சொன்னேன். அத ஆராவது ஒருத்தன் சொல்லண்டாமா லீலா?” என்றார். அவர்கள் இருந்தபோது நான் அவரைத் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம்.

அந்த வேலை உனக்குக் கிடைக்காது. குழந்தைக்குப் பெயரை மாற்றிவிடு, இன்னும் ஞானஸ்நானம் ஆகியிருக்காது.

இதற்கு நீ பதில் எழுதுவாய். அழகாக எழுதுவாய். கோட்டயம் முத்திரையோடு எது வந்தாலும் அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லித் தபால்காரரிடம் நேற்றுக் காலை சொல்லிவிட்டேன். “வீட்டுல ஆளில்லேன்னு எழுதணுமா, வாங்க மறுத்துட்டாங்கன்னு எழுதணுமா?” என்று கேட்டார்.

வாங்க மறுத்தார்கள் என்று எழுதச் சொன்னேன்.

லீலாபாய்